பழைய பள்ளிக்கூடத்தின் கூரைக்கு யார் செலவழிப்பது?

ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் அடுத்ததாகத் தேடுவது பள்ளிக்கூடத்தை. பிள்ளை படிக்க இடமில்லாத ஊரில் குடும்பம் நிலைத்து நிற்பதில்லை. தகப்பன் வயலைப் பார்க்கத் தனியே வந்து போவார். தாயும் பிள்ளைகளும் பாடசாலை உள்ள இடத்திலேயே தங்கிவிடுவர். இரண்டு மூன்று போகம் இப்படிக் கழிந்தால் வயலும் குத்தகைக்குப் போய்விடும். ஆகவே பள்ளிக்கூடக் கட்டடம் பற்றிய பேச்சு, மீள்குடியேற்றம் நிலைக்குமா என்பது பற்றிய பேச்சாகவே முடிகிறது.

சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்து ஊர்களில் உள்ளோருக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கல்முனைக்குப் போகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரியில் வெள்ளம் அதன் மேலாகப் பாயும்போது போக்குவரத்து தடைப்படுகிறது. அந்நாட்களில் அக்கரையில் எத்தனை பெரிய கல்லூரி இருந்தாலும் இக்கரைப் பிள்ளைக்கு அது எட்டாது. ஊரில் நிற்கும் கட்டடமே துணை.

அந்தக் கட்டடம் பழையதாக இருந்தால் கூட்டங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. “பழசை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டித் தாருங்கள்” என்பது ஒன்று. “எங்கள் பாட்டன்மார் மண் சுமந்து கட்டியது, அதில் கை வைக்க வேண்டாம்” என்பது மற்றது. இரண்டு குரலும் கேட்பது பொதுப் பணத்தையே. அந்தப் பணம் வரியாகவும் உழைப்பாகவும் எம்மிடமிருந்தே வருகிறது. எனவே இச்செலவு எப்படி உண்டாகிறது, அதை யார் சுமக்க வேண்டும், சுமக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எமது ஏடு திருச்சபை சார்ந்தது. பழைய மிசன் பள்ளிக்கூடங்களின் மீது எமக்குப் பற்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே கணக்கைத் தொடங்குகிறோம்.

கட்டியவர் யார், உரியவர் யார்?

1814 ஆம் ஆண்டில் வெஸ்லியன் மெதடிஸ்த மிசனரிமார் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815 இல், அவர் இங்கேயே காலமானார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை அந்த 1814 இலிருந்து கணக்கிடுகிறது. வடக்கில் அமெரிக்க மிசனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். கல்முனையில் உவெஸ்லி உயர்தரப் பாடசாலை 1883 இல் தோன்றியது. கத்தோலிக்கத் திருச்சபையும், இராமகிருஷ்ண மிசனும், சைவ, முஸ்லிம் பெரியோர்களும் தத்தம் பங்குக்குப் பாடசாலைகளை எழுப்பினர்.

இவற்றுக்கு வெளியிலிருந்து வந்த பணம் ஒரு பகுதியே. காணி கொடுத்தவர், மரம் தறித்துக் கொடுத்தவர், செங்கல் அறுத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், வண்டியில் மண் ஏற்றியவர் எல்லாரும் ஊர் மக்கள். 1870 ஆம் ஆண்டையொட்டி உதவி நன்கொடை முறை வந்தபோது அரசாங்கம் பணம் கொடுத்து உதவியது. பாடசாலையை நடத்தும் பொறுப்பும் கட்டடத்தைப் பேணும் பொறுப்பும் முகாமையாளரிடமே இருந்தன. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

பெரிய மாற்றம் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் சொத்துக்களையும் அரசுக்கு உரித்தாக்கியது. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்ற சில மட்டுமே விலகி நின்றன. அச்சட்டங்கள் சரியா பிழையா என்ற பழைய விவாதத்தை நாம் இங்கு கிளப்பவில்லை. அவற்றால் ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவு திறந்தது என்பதையும் மறுக்கவில்லை. எமது விடயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்நாள் முதல் அக்கூரைகள் பொதுக் கூரைகள் ஆயின. ஒழுக்கு அடைப்பதும் பொதுச் செலவு ஆயிற்று.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்பின் இப்பொறுப்பு மேலும் இரண்டாகப் பிரிந்தது. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணத்தின் கீழும் உள்ளன. எமது கிராமங்களின் சிறு பாடசாலைகள் பெரும்பாலும் இரண்டாவது வகையின. உங்கள் பாடசாலை எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். தவறான கந்தோருக்குக் கொடுக்கும் மனு ஒரு மாரிகாலத்தை வீணாக்கும்.

கூரை போனால் சுவரும் போகும்

இப்பகுதியின் பள்ளிக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடி வாங்கியவை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 1990 இல் மீண்டும் மூண்ட போரில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர்களையும் வயல்களையும் விட்டு ஓடினர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 சனவரியில் பெருவெள்ளம் வந்தது.

இவ்விடர்களில் ஒரேயடியாக விழுந்த கட்டடங்கள் உண்டு. ஆளில்லாமல் கிடந்து மெல்ல விழுந்தவையும் பல. மெல்ல விழுவது எப்படி என்று பார்ப்போம். முதலில் இரண்டு ஓடுகள் நகர்கின்றன. மழைநீர் சலாகையில் இறங்குகிறது; சலாகை உக்குகிறது. பின்பு கைமரம், அதன்பின் சுவர்த் தலையில் கிடக்கும் வளை. நனைந்த மரத்தைக் கறையான் தேடி வருகிறது. வளை இருந்த இடத்தில் வெடிப்பு விழ, அதில் ஆலும் அரசும் முளைக்கின்றன. வேர் தடித்தால் சுவர் பிளக்கும். இரண்டு ஓட்டை நேராக்க ஒருவருடைய அரைநாள் வேலை போதும். பிளந்த சுவரைக் கட்ட ஒரு பாடசாலையின் பல ஆண்டுப் பணம் வேண்டும்.

வயல் செய்வோருக்கு இது புதிதல்ல. வரம்பில் நண்டு போட்ட துளையை அன்றே மிதித்து மூடுகிறோம். மூடாவிட்டால் வரம்பே உடைந்து போகும் என்பதை அறிவோம்.

இடம்பெயர்வு இந்தச் சிறு வேலையைச் செய்யும் கைகளை ஊரிலிருந்து அகற்றிவிட்டது. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களோடு இடம்பெயர்ந்த அது, கால் நூற்றாண்டு கழிந்து 2016 இலேயே சொந்த இடத்துக்குத் திரும்ப வழி பிறந்தது. அத்தனை காலம் ஊர் மக்கள் நெருங்க முடியாத கட்டடத்துக்கு ஓடு மாற்றுவது எப்படி? இப்படிப்பட்ட சேதத்தை “பழசு, அதனால் கெட்டது” என்று எழுதுவது நியாயமாகாது. மக்கள் அங்கே இருக்க விடப்படாததால் கெட்டது அது. புனரமைப்புச் செலவைக் கேட்கும்போது இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

சுண்ணாம்பும் சீமெந்தும்

செலவை இரட்டிப்பாக்கும் இன்னொரு காரணம், தவறான திருத்தம். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. நிலத்து ஈரம் சுவரில் மெல்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதனை வெளியே ஆவியாக விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. எமது கரையோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கிறது. உப்பு காய்ந்து பளிங்காகும்போது செங்கல்லைப் பொடியாக்கும். சில ஆண்டில் சீமெந்துப் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழ, “பார்த்தீர்களா, பழைய சுவர் தாங்காது” என்று சொல்லி இடிக்கிறார்கள். உண்மையில் சுவரைக் கெடுத்தது பூச்சு.

ஆயினும் சுண்ணாம்பு வேலை மலிவானதல்ல. அது தெரிந்த மேசன்மார் குறைந்துவிட்டனர். முற்காலத்தில் கரையோரத்தில் முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். கடலரிப்பைத் தடுப்பதற்காக முருகைக்கல் தோண்டுவது இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே சுண்ணாம்பை வேறிடத்திலிருந்து வாங்க வேண்டும். பதம் வரவும் நாட்கள் எடுக்கும். மரபுப்படி திருத்தினால் செலவு எப்போதும் குறையும் என்று நாம் சொல்லவில்லை. சொல்வது இதுதான்: எந்தச் சுவருக்கு எந்தச் சாந்து என்று பார்க்காமல் செய்யும் மலிவான திருத்தம், செய்யாமல் விடுவதிலும் பார்க்க மோசமானது.

கணக்குப் பார்க்கும் முறை

கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமை எமது வாசகர் பலருக்குத் தெரியும். கட்டிய கோபுரத்தை வைத்திருப்பதற்கும் கணக்கு உண்டு.

பொதுக் கட்டடங்களைப் பேணும் செலவு குறித்து 1990 இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் ஓர் அளவுகோலை முன்வைத்தது. ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு செல்லுமோ, அதில் 100 இற்கு 2 முதல் 4 வரையான பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அது. பெருந்தொகையான கட்டடங்களுக்காகச் சொல்லப்பட்ட இந்த அளவுகோலை எமது நிலைமைக்கு வைத்துப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளங்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

புதிதாகக் கட்ட ஒரு கோடி ரூபா ஆகும் கட்டடம் ஒன்று உண்டு என்போம். அதற்கு ஆண்டுக்கு 2 முதல் 4 இலட்சம் ரூபா பராமரிப்பு வேண்டும். இருபது ஆண்டுகள் ஒரு சதமும் செலவழிக்காமல் விட்டால் கந்தோர்ப் புத்தகத்தில் 40 முதல் 80 இலட்சம் மிச்சமானதுபோலத் தோன்றும். அது மிச்சமல்ல, கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வாங்கிய கடன். இருபதாம் ஆண்டு மதிப்பீட்டாளர் வந்து, “திருத்த 70 இலட்சம் வேண்டும்” என்று எழுதுவார். உடனே, “70 இலட்சம் கொட்டிப் பழசைத் திருத்துவதா? இன்னும் 30 இலட்சம் போட்டால் புதிதே கட்டலாமே” என்ற பேச்சு எழும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இப்பேச்சே ஒரு விதிபோல் ஆயிற்று. திருத்தச் செலவு புதுக் கட்டடச் செலவின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதிதாகக் கட்டுவதே நன்று என்பது அங்கே பாடசாலைக் கட்டடங்களுக்கு அரச உதவி வழங்கியோர் கையாண்ட வழிகாட்டல். இவ்வகை விதிகளால் நல்ல கட்டடங்களும் இடிபடுகின்றன என்று மரபுக் கட்டடங்களைக் காப்போர் அந்நாட்டில் குரல் எழுப்பினர். விதியின் குறை என்ன? நீண்ட காலம் கவனிக்காமல் விட்டவருக்கே அது புதுக் கட்டடத்தைப் பரிசாகக் கொடுக்கிறது. ஆண்டுதோறும் ஓடு மாற்றிய ஏழைப் பாடசாலைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஒப்பிடும்போது மறந்துவிடும் செலவுகளும் உண்டு. இடித்து அள்ளும் கூலி. கட்டி முடியும்வரை பிள்ளைகள் இருக்கத் தகரக் கொட்டில். இடித்த முதிரை மரமும் ஓடும் எங்கே போயின என்ற கேள்வி. புதுக் கட்டடத்துக்கும் மறு ஆண்டிலிருந்து அதே 2 முதல் 4 இலட்சம் வேண்டும் என்பதை அடிக்கல் நாட்டும் விழாவில் எவரும் சொல்வதில்லை. மறுபுறம், பழைய கட்டடத்தைக் காப்பதிலும் மறைந்த செலவு உண்டு. விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு அதில் இடம் போதாது. மின்கம்பியைப் புதிதாக இழுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மலசலகூடமும், நடக்க முடியாத பிள்ளைக்குச் சாய்தளமும் பின்னர் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு.

பழையதெல்லாம் ஆபத்தா?

பிள்ளைகளின் உயிர் எல்லாக் கணக்குக்கும் மேலானது. 2004 யூலை 16 இல் தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகை தீப்பற்றி 94 பிள்ளைகள் இறந்தனர். 2021 டிசம்பர் 17 இல் திருநெல்வேலியில் நூற்றாண்டு கடந்த ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர் மாண்டனர். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் பணி விரைவுபெற்றது. 2022 இல், பள்ளிகளை மேம்படுத்த ஐந்தாண்டுகளில் 7,000 கோடி இந்திய ரூபா செலவிடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பேரிழப்பு நேர்ந்தபின் வரும் செலவு எப்போதும் பெரிது.

ஆனால் ஆண்டு எண்ணை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட் கடைசியில், புதிய தவணை தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். அவை மிகப் பழையவை என்பதால் அல்ல. 1950 முதல் 1990 வரையான காலத்தில் மலிவுக்காகப் பாவித்த, காற்றுக் குமிழி நிறைந்த இலகு கொங்கிறீட் கூரைகள் திடீரென இடிந்து விழக்கூடியவை என்று கண்டதால். எமது பகுதியிலும் கடல் மணலில் குழைத்த கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிப்பதை எல்லாரும் கண்டிருப்போம். எனவே கேட்க வேண்டியது “எத்தனை வயது?” என்பதல்ல, “யார், எப்போது, ஏறிப் பார்த்தார்?” என்பதே. பொறியியலாளரின் எழுத்து மூலமான அறிக்கை இல்லாமல் இடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளை உள்ளே இருத்தவும் வேண்டாம்.

மூன்று பைகள்

யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு வருகிறோம். பணத்தை மூன்று பைகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலாவது, வகுப்பறைப் பை. மழை படாத கூரை, விழாத சுவர், குடிநீர், மலசலகூடம், வாங்கு, மேசை. இவை கட்டடம் பழையதோ புதியதோ எல்லாப் பிள்ளைக்கும் உரியவை. இது அரசின் கடமை. மாகாணமோ மத்தியோ கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, மரபுப் பை. கட்டடம் வரலாற்றுச் சிறப்புடையது என்பதற்காக மட்டும் மேலதிகமாக ஆகும் செலவு. உதாரணமாக, ஒரு மண்டபத்துக்குத் தகடு போட 10 இலட்சமும், பழையபடி ஓடு போட 16 இலட்சமும் ஆகும் என்போம். முதல் 10 இலட்சம் வகுப்பறைப் பைக்கு உரியது. மேலுள்ள 6 இலட்சத்தை அதே பையில் எடுத்தால், பக்கத்து ஊரின் தகரக் கொட்டிலில் இருக்கும் பிள்ளையின் பங்கை எடுப்பதாகும். அந்த 6 இலட்சத்தைப் பண்பாட்டு நிதி, பழைய மாணவர், வெளிநாட்டிலுள்ள ஊரவர், அக்கட்டடத்தைத் தம் வரலாறு என்று சொல்லும் திருச்சபை ஆகியோர் கொடுக்க வேண்டும். எம்மைச் சேர்த்தே சொல்கிறோம்.

மூன்றாவது, பெருமைப் பை. நூற்றாண்டு வளைவு, பெயர்ப் பலகை, சிலை, விழா மலர். இதற்குப் பொதுப் பணம் ஒரு சதமும் வேண்டாம்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நகரத்துக் கல்லூரிக்கு இலண்டனிலும் கனடாவிலும் பழைய மாணவர் உண்டு; வயலோரத்துச் சிறு பாடசாலைக்கு யார் உண்டு? உண்மைதான். ஆகவே அரசின் மரபு நிதி பணக்காரப் பாடசாலைகளுக்குப் போகுமுன், உதவ ஆளில்லாத பாடசாலைகளுக்குப் போக வேண்டும்.

சட்டப் பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. எமது பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. பிந்திய கட்டடம் ஒன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆவதற்கு அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். அறிவித்தபின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ இயலாது. ஆனால் அறிவித்தல் வந்தவுடன் பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். தடையும் பணமும் ஒன்றாகப் பயணம் செய்வதில்லை. கேட்குமுன் இரண்டையும் பற்றி விசாரியுங்கள்.

சிரமதானமும் ஒரு செலவே

பணம் இல்லாதபோது அதிகாரிகளும், ஏன் நாமுங்கூட, “சிரமதானம் செய்யுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் உலைக்கு அரிசி. நாற்பது பேர் மூன்று நாள் வேலை செய்தால் அது 120 ஆட்கூலி. அதனைப் பாடசாலையின் கணக்குப் புத்தகத்தில், “ஊர் மக்கள் பங்களிப்பு” என்று தொகை போட்டு எழுதுங்கள். எழுதினால்தான் நாளை “ஊர் ஒன்றும் செய்யவில்லை” என்று எவரும் சொல்ல முடியாது. விதைப்பிலும் அறுவடையிலும் சிரமதானம் கேட்கக் கூடாது என்பதையும் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1912 முதல் 1932 வரை, கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பாடசாலைகள் கட்டப்பட்டன. யூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் கொடுத்த நிதியால் அவை ரோசன்வால்ட் பாடசாலைகள் எனப்பட்டன. ஆனால் அந்த ஏழை விவசாயிகள் பணமாகக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால், அது செல்வந்தர் கொடுத்ததைவிடச் சற்றுக் கூட. சிலர் பாடசாலைக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி செய்தனர். காணியும் மரமும் உழைப்பும் வேறு. கட்டடங்களின் பெயரிலோ செல்வந்தரே இருக்கிறார். பின்பு அப்பாடசாலைகள் மூடப்பட்டன. இன்று பத்தில் ஒன்றளவே எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றுட் பலவற்றைக் காத்தவர்கள் அங்கே படித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே. அவற்றுட் சில சமூக நிலையங்களாகப் பயன்படுகின்றன. பயன்பாட்டில் உள்ள கட்டடத்துக்கே தினமும் கூரையைப் பார்க்கும் கண்கள் இருக்கும்.

கட்டடத்துக்கு முன் இடாப்பு

இடம்பெயர்ந்தோருக்குப் பள்ளிக்கூடத்தில் கல்லைவிட மதிப்பான ஒன்று உண்டு. சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி எல்லாம் சேர்வு இடாப்பில் உண்டு. பிறப்புப் பத்திரம் தொலைந்தவருக்கு வயதைக் காட்டவும், இந்த ஊரில் இத்தனை ஆண்டுகளாக இக்குடும்பம் வாழ்ந்தது என்பதைக் காட்டவும் அது உதவக்கூடும். காணிப் பிணக்கில் தனியே நின்று வெல்லாவிட்டாலும் மற்ற ஆவணங்களுக்குத் துணை நிற்கும். கிடுகுக் கொட்டிலில் நடந்த பாடசாலைக்குக் காக்கப் பழைய சுவர் இல்லை. அதன் வரலாறு முழுவதும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கறையானுக்கு எட்டாத பெட்டியும், ஒரு பிரதியும், அதை வலயக் கல்விப் பணிமனையில் வைப்பதும் மிகச் சிறு செலவு. வரலாற்றைக் காக்கும் செலவுகளில் இதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

ஆகவே வரிசை இப்படி அமையட்டும். முதலில் பிள்ளையின் பாதுகாப்பு. அடுத்து இடாப்புகள். அதன்பின் கூரையும் நீர் வடிகாலும். பின்பு சுவர். அலங்காரம் கடைசி. ஆண்டுதோறும் மாரிக்கு முன், புரட்டாதியில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் இருவரும் ஒரு மேசனும் கூரையைப் பார்த்து, கண்டதைத் திகதியிட்டு எழுதி, ஒரு பிரதியை அதிபரிடமும் ஒன்றைக் கல்விக் கந்தோரிலும் கொடுக்கட்டும். பல ஆண்டு அறிக்கைகள் கையில் இருந்தால், “கவனிக்காமல் விட்டது ஊரா, கந்தோரா?” என்ற கேள்விக்கு விடை எழுத்தில் இருக்கும்.

பழைய மண்டபம் ஒன்று நிற்க வேண்டும் என்று விரும்புவோரோடு நாமும் சேர்ந்து விரும்புகிறோம். அதற்கான மேலதிகச் செலவைத் தகரக் கொட்டிலில் வேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் வைப்பதற்கு மட்டும் நாம் உடன்பட மாட்டோம்.

குழுவாகப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. எமது ஊர்ப் பாடசாலை நிற்கும் காணியைக் கொடுத்தவர் யார்? இன்று அது யாருக்கு உரித்து?

2. கடந்த ஐந்து ஆண்டில் கூரைக்கு எவ்வளவு செலவானது? ஊரின் ஆட்கூலி அதில் எழுதப்பட்டதா?

3. விட்டுவந்த ஊரின் பாடசாலை இடாப்புகள் இன்று எங்கே உள்ளன? யார் போய் விசாரிப்பது?

4. இடிப்பதா, திருத்துவதா என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்குத் தாய்மாரும், இன்னும் திரும்பி வராத குடும்பங்களும் அழைக்கப்பட்டார்களா?